உப்பளத்துப் பறவைகளும் கோடை உழவும்

(பண்ணை வானொலிப் பேச்சு)



சித்திரை, வைகாசி மாதங்களில் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் கோடை உழவு ஓட்டுகிறவர்களுக்கு இது பழக்கமான விஷயம். டிராக்டர் வயலில் இறங்கியதும் எங்கிருந்தோ ஒரு பறவை கிளம்பி வரும். தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்து காது கிழியக் கத்தும். கொஞ்ச நேரத்தில் ஜோடியும் சேர்ந்துகொள்ளும். 'சனியன், என்னத்துக்கு இந்தக் கத்துக் கத்துது' என்று அதட்டிவிட்டு நாம் பாட்டுக்கு உழுதுகொண்டு போவோம். அதுதான் ஆள்காட்டி. கண்ணுக்கு முன்னாலே சிவப்புச் சதை, மஞ்சள் கால், கறுப்புத் தொண்டை, வெள்ளை வயிறு. அது அப்படிக் கத்துகிறது என்றால், அதன் முட்டைக்குக் கிட்டே நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். கொழுமுனைக்கும் அந்த முட்டைக்கும் நடுவே நாலைந்து சால்தான் பாக்கி இருக்கும்.

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வழியாகக் காட்டுப்பள்ளி வரைக்கும் இருக்கிற கடலோரப் பறவைகள் எங்கே, எப்படிக் கூடு வைக்கின்றன, அவற்றைப் பற்றி நம்ம ஜனங்கள் என்னென்ன சொல்லி வைத்திருக்கிறார்கள் என்பதை இன்றைக்குப் பார்க்கலாம். 'துறைமுகமும் ஃபாக்டரியும் எண்ணெய் டாங்கியும் இருக்கிற இடத்தில் பறவைக்கு என்னய்யா வேலை' என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற கழிமுகம் அங்கே இருக்கிறது. பக்கிங்காம் கால்வாய் அதைத் தொட்டுக்கொண்டு வடக்கே பழவேற்காடு ஏரி வரைக்கும் போகிறது. சேறு, சதுப்பு, அலையாத்திப் புதர், உப்பளம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தால் பறவை வராமல் எங்கே போகும்?

கூழைக்கடா, சங்குவளை நாரை, பூநாரை எல்லாம் இங்கே இரை தேடி வருகிற விருந்தாளிகள். கூழைக்கடா முட்டையிடுவது வேடந்தாங்கல் மாதிரி ஏரி மரங்களிலும், பழவேற்காட்டுக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் இருக்கிற நேலப்பட்டிலும். பூநாரை இன்னும் தூரம். குஜராத்தில் கட்ச் பகுதியின் உவர்ச் சதுப்பில் சேற்றைக் குவித்து, மேலே குழி விட்டு, அதில் முட்டை வைக்கும். இவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது, போட்டோவும் பிடித்தாகிவிட்டது. நான் சொல்ல வந்தது விருந்தாளிகளைப் பற்றி இல்லை. இந்த மண்ணிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற உள்ளூர்க் குடிகளைப் பற்றி.

இவற்றில் முக்கியமான நாலு பறவைகள் மரத்தையே நாடுவதில்லை. ஆள்காட்டி, உப்புக்கொத்தி, நெடுங்கால் உள்ளான், சின்ன ஆலா ஆகிய நாலும் வெறுந்தரையில்தான் முட்டையிடும். அதிலும் உப்பளம் என்றால் அவற்றுக்கு ரொம்பப் பிடித்தம். உப்புக்கொத்தி என்ற பேரையே பாருங்கள். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு, மணல் நிறம். பாத்தி ஓரத்தில் குடுகுடுவென்று ஓடும், நிற்கும், தரையை ஒரு கொத்துக் கொத்தும், மறுபடி ஓடும். உப்பையா தின்கிறது? இல்லை. உவர்த் தண்ணீரில் இருக்கிற பூச்சியையும் புழுவையும்தான் பொறுக்குகிறது. தூரத்திலிருந்து பார்த்தவனுக்கு உப்பைக் கொத்துகிற மாதிரி தெரிந்திருக்கிறது, பேரும் நின்றுவிட்டது.

உப்பளத்தை ஏன் தேடி வருகின்றன என்றால், உப்பளத்துக் கணக்கும் பறவையின் கணக்கும் ஒன்றாக இருப்பதால்தான். நம்ம கடற்கரையில் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். அது ஓய்ந்து, தண்ணீர் வடிந்து, தை, மாசிக்குப் பிறகுதான் பாத்தியைச் சீர் செய்து, மிதித்துக் கெட்டிப்படுத்தி, உவர்நீர் பாய்ச்சுவார்கள். பங்குனி முதல் ஆடி வரைக்கும் வெயில் நன்றாக அடிக்கிற காலம்தான் உப்பு விளைகிற காலம். பறவைக்கும் அதுவே முட்டைக் காலம். சுற்றிலும் ஆழமில்லாத தண்ணீர். நடுவே காய்ந்த வரப்பு. நரி, நாய், கீரிப்பிள்ளை சுலபமாக நெருங்க முடியாது. நாலு பக்கமும் வெட்டவெளி, எதிரி வந்தால் தூரத்திலேயே தெரியும். உப்பளத்து ஆட்களும் தங்கள் வேலை உண்டு, தாங்கள் உண்டு என்று இருப்பார்கள். இதைவிட நல்ல இடம் அவற்றுக்கு எங்கே கிடைக்கும்!

ஆள்காட்டியின் கூட்டைக் கூடு என்று சொல்வதே மரியாதைக்குத்தான். தரையில் மார்பை அழுத்திச் சுற்றி ஒரு சின்னப் பள்ளம் பண்ணும். அதைச் சுற்றி நாலு கூழாங்கல், ஆட்டுப் புழுக்கை, காய்ந்த மண்கட்டி, அவ்வளவுதான். முட்டை பெரும்பாலும் நாலு. மங்கிய மண் நிறத்தில் கறுப்புத் திட்டு. கூர் முனை உள்பக்கமாக இருக்கிற மாதிரி நாலையும் பூப்போல அடுக்கி வைத்திருக்கும். பக்கத்தில் நின்றாலும் கண்ணில் படாது. ரயில் தண்டவாளத்துக்கு நடுவே கொட்டி வைத்திருக்கிற ஜல்லியில்கூட ஆள்காட்டி முட்டையிட்டதுண்டு. மேலே வண்டி தடதடவென்று போகும், கீழே முட்டை பத்திரமாக இருக்கும். தொழிற்சாலைப் பகுதியில் இந்தப் பறவை இன்னும் நீடித்திருப்பதற்கு இந்தச் சாமர்த்தியம் ஒரு காரணம்.

ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். 28 முதல் 30 நாள் ஆகும். இங்கே ஒரு சமாச்சாரம். அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்றுதானே நினைக்கிறோம்? சித்திரை வெயிலில் இந்தப் பறவைக்கு வேலையே தலைகீழ். மத்தியானம் தரை கொதிக்கும்போது முட்டை வெந்து போகாமல் காப்பாற்றுவதுதான் அதன் கவலை. அதனாலே முட்டையின் மேல் நின்று நிழல் கொடுக்கும். அது போதாதபோது பக்கத்துத் தண்ணீருக்கு ஓடி, வயிற்று இறகை நன்றாக நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் உட்காரும். ஈரத் துணி போர்த்திய பானை மாதிரி முட்டை குளிர்ந்துவிடும். உப்புக்கொத்தியும் ஆலாவும்கூட இதே உபாயத்தைச் செய்கின்றன. ஆகவே முட்டைக்குப் பக்கத்தில் நடக்கிற தூரத்தில் தண்ணீர் இருப்பது அவற்றுக்குச் சௌகரியம் என்பதோடு நில்லாமல் உயிர்ப் பிரச்சினையாகவும் ஆகிறது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாலே வேண்டியிருக்கும்.

குஞ்சு பொரிந்தால் கூட்டில் தங்காது. இறகு காய்ந்ததும் எழுந்து ஓட ஆரம்பிக்கும். இரையையும் தானே பொறுக்கிக்கொள்ளும். தாய் ஒரு குரல் கொடுத்தால் போதும், அப்படியே தரையோடு ஒட்டிப் படுத்துக் கல்லாகிவிடும். தாயோ, சிறகு ஒடிந்தது போல இழுத்து இழுத்து நடந்து, நாயையோ நம்மையோ வேறு பக்கம் அழைத்துக்கொண்டு போகும். நல்ல தூரம் போனதும் விசுக்கென்று பறந்துவிடும். நாடகத்தில் இதை மிஞ்ச ஆள் இல்லை.

இந்தப் பறவையைப் பற்றி நாட்டில் கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆள்காட்டி என்ற பேரே ஒரு குற்றச்சாட்டு மாதிரிதான். மறைந்து போகிற ஆளைக் காட்டிக் கொடுக்கிறதாம். வேட்டைக்குப் போகிறவனுக்கும், ராத்திரியில் களத்து மேட்டுப் பக்கம் வேண்டாத வேலைக்குப் போகிறவனுக்கும் இதைக் கண்டால் ஆகாது. வயலுக்குச் சொந்தக்காரனுக்கு அது சம்பளம் வாங்காத காவல்காரன். இன்னொரு கதை, இது மல்லாந்து படுத்துக் காலை மேலே தூக்கிக்கொண்டுதான் தூங்குமாம், வானம் இடிந்து விழுந்தால் தாங்கிக்கொள்வதற்கு! வடக்கே இதை வைத்து ஒரு பழமொழியே உண்டு, தகுதிக்கு மீறிப் பெருமை பேசுகிறவனைக் கேலி செய்ய.

பஞ்சதந்திரத்தில் வருகிற கதையைப் பெரியவர்கள் கேட்டிருப்பீர்கள். டிட்டிபம் என்று ஒரு பறவை ஜோடி. அது நம்ம ஆள்காட்டி இனம்தான் என்று பலரும் சொல்லுகிறார்கள். கடற்கரையில் முட்டையிட வேண்டாம், கடல் கொண்டுபோய்விடும் என்று பெண் பறவை சொல்லுகிறது. கடலுக்கு அவ்வளவு தைரியமா என்று ஆண் பறவை மார்தட்டுகிறது. கடல் முட்டையைக் கொண்டுபோய் விடுகிறது. ஆண் பறவை விடவில்லை. எல்லாப் பறவைகளையும் கூட்டி, கருடனிடம் முறையிட்டு, கருடன் விஷ்ணுவிடம் சொல்லி, கடைசியில் கடல் பயந்து முட்டையைத் திருப்பிக் கொடுக்கிறது. எண்ணூர்க் கடற்கரையில் நின்றுகொண்டு இந்தக் கதையை நினைத்தால் வேறு மாதிரி தோன்றுகிறது. இங்கே முட்டை வைக்கிற இடத்தைக் கொண்டுபோனது கடல் இல்லை. கொண்டுபோனது யார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நம்ம தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஆள்காட்டியிடம் 'எங்கே முட்டையிட்டாய்' என்று கேட்டு, அது பதில் சொல்லுகிற மாதிரி ஒரு நாட்டுப்புறப் பாட்டு இருக்கிறது. இரை தேடப் போன பறவை கண்ணியில் அகப்பட்டுக்கொண்டு, குஞ்சுகளை நினைத்து அழுகிற பாட்டு. அதைக் கட்டியவர் யார் என்று பேர் இல்லை. ஆனால் இந்தப் பறவையைக் கிட்டே இருந்து பார்த்த ஒருத்தர்தான் கட்டியிருக்க முடியும்.

மழைக் குறி பார்க்கிற நம்பிக்கை ஒன்றும் உண்டு. ஆள்காட்டி மேட்டில் முட்டையிட்டால் நல்ல மழை, பள்ளத்திலோ ஓடைப் படுகையிலோ இட்டால் மழை தவறும் என்பார்கள். ராஜஸ்தான், மாளவம் பக்கத்தில் இதை உறுதியாக நம்புகிறார்கள். மாளவத்துப் பில் இன மக்கள் காய்ந்த ஓடைப் படுகையில் முட்டையைக் கண்டால் மழை தாமதம் என்று எடுத்துக்கொள்வார்களாம். அந்தப் பக்கத்தில் பறவை முட்டையிட்ட ஒன்றிரண்டு மாதத்தில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடுகிறது. அதனாலே பொருத்திப் பார்க்க ஒரு வாய்ப்பாவது இருக்கிறது. சென்னைக் கடற்கரைக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசிக்கு மேலேதான். சித்திரையில் முட்டையிடுகிற பறவை ஐப்பசி மழைக்கு எப்படி ஜோசியம் சொல்லும்? அதற்குள் குஞ்சு வளர்ந்து பறந்து போயிருக்குமே. என் அபிப்பிராயம் என்னவென்றால், பள்ளத்தில் முட்டை இருந்தால் அந்தப் பள்ளம் இந்த வருஷம் சீக்கிரமே காய்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். பறவை சொல்லுவது போன மழையின் கணக்கு. வரப்போகிற மழைக்கு அது ஜவாப்தாரி இல்லை. வைகாசியில் திடீரென்று ஒரு கோடை மழை அடித்துப் பள்ளத்து முட்டைகளை எல்லாம் மிதக்க விடுவதும் உண்டு. வரப்போகிறது தெரிந்திருந்தால் அங்கே வைத்திருக்குமா?

நெடுங்கால் உள்ளான் இந்த விஷயத்தில் கொஞ்சம் கெட்டிக்காரன். மெலிந்த உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத நீளத்தில் சிவப்புக் கால். தண்ணீருக்கு நடுவே சேற்று மேட்டில் கூடு வைக்கும். தண்ணீர் ஏறினால் கல்லும் மண்ணும் குச்சியும் கொண்டுவந்து முட்டைக்கு அடியில் சேர்த்துக் கூட்டை உயர்த்திக்கொள்ளும். 1885-ல் காங்கிரஸ் மகாசபை தொடங்கக் காரணமாயிருந்த ஏ. ஓ. ஹியூம் துரை பெரிய பறவை ஆராய்ச்சிக்காரர். அதற்கு முன்னாலே உப்பு வரி வசூலிக்கிற சுங்க இலாகாவுக்கு அதிகாரியாகவும் இருந்தவர். டெல்லிக்குத் தெற்கே சுல்தான்பூர் உப்பளங்களில் இந்தப் பறவைகள் பாத்திகளுக்குள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டியதை அவர் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார். உப்பு வரியை நாம் மன்னிக்க முடியாது. ஆனால் பறவைக் குறிப்புக்காக அவருக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

ஆலா கடல் பறவை. வெள்ளை உடம்பு, பிளவுபட்ட வால், ஊசி மாதிரி அலகு. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காசிமேடு மீனவர்களுக்கு ஆலாவைப் பற்றி நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கடலில் ஆலாக் கூட்டம் ஒரே இடத்தில் வட்டமடித்துத் தலைகீழாகத் தண்ணீரில் பாய்ந்தால், அடியில் பொடி மீன் கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். படகைத் திருப்பி வலையை விடுவார்கள். இன்றைக்கு மீன் கூட்டத்தைக் காட்ட மிஷின் வந்துவிட்டது. இருந்தாலும் கண் பறவையைத் தேடத்தான் செய்கிறது. சின்ன ஆலா இரண்டு மூன்று முட்டையை மணலில் சும்மா வைத்துவிடும். ஆனால் தனியாக வைக்காது, கூட்டமாகத்தான் வைக்கும். ஒரு காக்கை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் அத்தனையும் சேர்ந்து விரட்டும். ஆள் போனாலும் மண்டையைக் குறிவைத்துப் பாயும்.

இனி, இடத்தைக் கொண்டுபோனவர்கள் விஷயம். எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் பக்கத்தில் ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய வரைக்கும் உப்பளம். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் ஓட ஆரம்பித்து 2017-ல் மூடப்பட்டது. வடசென்னை அனல் மின் நிலையம் 1990-களில் வந்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் திறக்கப்பட்டது, இப்போது காமராஜர் துறைமுகம் என்று பேர். பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம். நிலக்கரிக் கிடங்கும் பெட்டகக் கிடங்கும் சாலையும் வேண்டும் என்று உப்பளங்களில் மண் கொட்டி மேடாக்கினார்கள். சாம்பல் குழாய்கள் கசிந்து கழிமுகத்தில் படிந்து, ஆற்றின் ஆழமே குறைந்து போனது. நண்டும் இறாலும் குறைந்தது. கையால் தடவி இறால் பிடிக்கிற குடும்பங்கள் பிழைப்பைத் தேடி அலைகின்றன. உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள் காவல் வேலைக்கும் கூலி வேலைக்கும் போனார்கள். மின்சாரம் வேண்டாம், கப்பல் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆனால் உப்பளம் என்றால் தரிசு, அதை எடுத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்று காகிதத்தில் எழுதினவர்கள், அங்கே உப்பு விளைந்ததையும் பார்க்கவில்லை, முட்டை இருந்ததையும் பார்க்கவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர்க் கழிமுகம் முழுவதும் படர்ந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பாகிவிட்டது. கூழைக்கடாக்கள் எண்ணெய் பூசிக்கொண்டு நின்றதை எல்லாப் பத்திரிகையும் போட்டது. எண்ணெய் பட்டால் இறகு தண்ணீரைத் தள்ளாது, பறவை நனைந்து பாரமாகிவிடும். அலகால் கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள் போகும். பெரிய பறவை என்பதால் கூழைக்கடா கண்ணில் பட்டது. சின்னப் பறவைகள் சேற்று நிறத்திலேயே இருப்பதால் அவை பட்ட பாடு போட்டோவில் வரவில்லை. இப்போது நான் முன்னே சொன்னதை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். வயிற்று இறகை நனைத்து முட்டையைக் குளிர வைக்கிற பறவை இது. அந்தத் தண்ணீரில் எண்ணெய் மிதந்தால், முட்டையைக் காப்பாற்றப் போய் அதுவே முட்டைக்கு எண்ணெயைப் பூசிவிடும். கொஞ்சம் எண்ணெய் ஓட்டில் பட்டாலே உள்ளே இருக்கிற கரு செத்துப் போகும். ஆகவே டிசம்பர் எண்ணெய் டிசம்பரோடு போயிற்று என்று இருக்க முடியாது. சேற்றில் அது தங்கியிருக்கிற வரைக்கும், சித்திரையில் முட்டையிடுகிற பறவைக்கு அதனால் ஆபத்து உண்டு.

இதற்கு நேர் எதிரான உதாரணம் நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. வேடந்தாங்கல். 1790-களில் அந்த ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மேலே ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய்ப் புகார் சொல்லி, சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கினார்கள். ஏன்? பறவை மேலே இருக்கிற பாசத்தால் மட்டும் இல்லை. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் தனியாக உரம் தேவைப்படாது. விவசாயிக்கும் பறவைக்கும் நடுவே அங்கே ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது, அதனாலேதான் அந்தக் கூடுகள் 200 வருஷத்துக்கு மேலே நிலைத்து நிற்கின்றன. எண்ணூர் உப்பளத்து ஆளுக்கும் பறவைக்கும் பகை இருந்ததில்லை. ஆனால் உத்தரவு வாங்கி வர யாரும் இல்லாமல் போய்விட்டது.

உப்பளத்தில் இடம் போனதால் ஆள்காட்டி இப்போது மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துத் தரிசையும் அறுவடை முடிந்த வயலையும் அதிகமாக நம்பி இருக்கிறது. அதனாலேதான் கோடை உழவு பற்றி ஆரம்பத்தில் சொன்னேன். கோடை உழவு வேண்டியதுதான், நானும் பல தடவை சிபாரிசு பண்ணியிருக்கிறேன். களை அழியும், கூட்டுப்புழு மேலே வந்து வெயிலில் சாகும், மழைத் தண்ணீர் மண்ணில் இறங்கும். அப்படி மேலே வருகிற புழுவையும் வண்டையும் பொறுக்கித் தின்கிற முதல் ஆள் இந்த ஆள்காட்டிதான். வெட்டுக்கிளி, கரையான், நத்தை எதையும் விடாது.  ஆக, நம் வேலையில் பாதியைச் செய்கிற பறவையின் முட்டையை நாமே உழுது போடுகிறோம்.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. உழவுக்கு முதல் நாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்னாலே வயலைச் சுற்றி நடந்து பாருங்கள். பறவை கத்தினால் உடனே முட்டையைத் தேடி இறங்கிவிடாதீர்கள். தூரப் போய் வரப்பில் உட்கார்ந்து, அது திரும்பிப் போய் எங்கே உட்காருகிறது என்று கவனியுங்கள். அதுதான் இடம். முட்டைக்குப் பக்கத்தில் கொடி நடக்கூடாது, காக்கை அதைப் பார்த்துக்கொண்டு வந்துவிடும். பத்து அடி தள்ளி ஒரு சின்னக் குச்சி, அது டிரைவருக்குத் தெரிந்தால் போதும். உழும்போது முட்டையைச் சுற்றி ஒரு கயிற்றுக் கட்டில் அகலத்துக்கு உழாமல் விடுங்கள். ஏக்கரில் அது எந்த மூலைக்கு? ராஜஸ்தானில் உழும்போது முட்டை அகப்பட்டால் விவசாயிகள் அதைப் பத்திரமாக வைத்து மண்கட்டியை மறைவாக வைத்துவிட்டுத்தான் மேலே உழுவார்களாம். மாற்றி வைப்பதைவிட இடத்திலேயே விடுவதுதான் நல்லது. மத்தியான வெயிலில் முட்டைக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். நீங்கள் நிற்கிற வரைக்கும் பறவை வராது, பறவை வராவிட்டால் அந்த வெயிலில் முட்டை வெந்துவிடும். இரை தேடிக் கட்டவிழ்த்துத் திரிகிற நாய்களை அந்த மாதம் மட்டும் வயல் பக்கம் விடாமல் இருந்தால் அது பெரிய உபகாரம்.

இராயபுரம், வண்ணாரப்பேட்டை நேயர்கள், 'எங்களுக்கு வயலும் இல்லை, உப்பளமும் இல்லை, எங்கள் பறவைக்கு என்ன சொல்லுகிறீர்கள்' என்று கேட்கலாம். உங்கள் பறவை காக்கை. அதன் கூட்டைக் கவனித்திருக்கிறீர்களா? பட்டறைத் தெருக்களில் காக்கைக் கூடு பாதிக்குப் பாதி கம்பிதான். கட்டட வேலையில் மிஞ்சின கட்டுக்கம்பி, சைக்கிள் கடைக் கம்பி எல்லாம் அதற்குச் சுள்ளி. மின்கம்பத்தில் அந்தக் கூடு இருந்தால் ஷார்ட் ஆகி மின்சாரம் போய்விடும். முட்டை வைப்பதற்கு முன்னாலேயே, கம்பி சேர்க்கிற நாளிலேயே மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் நல்லது.

காக்கையின் கூட்டை வைத்து வருஷ பலன் பார்க்கிற வழக்கம் ரொம்பப் பழசு. வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் காக்கைக்கென்றே ஒரு அத்தியாயம் எழுதி, எந்த மரத்தில், எந்தத் திசைக் கிளையில் கூடு வைத்தால் என்ன பலன் என்று சொல்லியிருக்கிறார். காக்கை கரைந்தால் விருந்து வரும் என்கிற நம்பிக்கை குறுந்தொகையிலேயே இருக்கிறது. அதைப் பாடிய அம்மையாருக்குக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்று பேரே வந்துவிட்டது. இத்தனை குறி சொல்லுகிற காக்கைக்குத் தன் கூட்டில் குயில் முட்டை வைத்தது மட்டும் தெரியவில்லை! குயில் முட்டை காக்கை முட்டைக்கு முந்திப் பொரியும். அதனாலே குயில் குஞ்சுக்குத்தான் முதல் வாய் சோறு. நீங்கள் கோடையில் கேட்கிற கூவல் ஆண் குயிலின் கூவல், கறுப்பாக இருப்பது அது. பெண் குயில் புள்ளி போட்ட பழுப்பு நிறம்.

ஆந்தை விஷயத்தில்தான் நம்ம ஜனங்கள் அநியாயம் பண்ணுகிறார்கள். பழைய கிடங்குகளிலும் மூடிக் கிடக்கிற கட்டடங்களிலும் கூகை முட்டையிடும். முகம் தட்டையாக, இருதயம் வரைந்த மாதிரி இருக்கும். அது கத்தினால் சாவு என்று சொல்லிக் கல்லால் அடிக்கிறார்கள். வங்காளத்தில் அதே பறவை லக்ஷ்மியின் வாகனம். ஒரே பறவை அங்கே லக்ஷ்மி, இங்கே எமன் என்றால் தப்பு பறவையிடமா இருக்கிறது? அது வைக்கிற முட்டைகள் ஒரே நாளில் பொரிக்காது, முன்னே பின்னே பொரிக்கும். அதனாலே ஒரே கூட்டில் பெரிய குஞ்சும் இருக்கும், பஞ்சு உருண்டை மாதிரி சின்னக் குஞ்சும் இருக்கும். எலி நிறையக் கிடைக்கிற வருஷம் எல்லாம் பிழைக்கும், கிடைக்காவிட்டால் கடைசிக் குஞ்சு போய்விடும். ஆகவே ஆந்தைக் குடும்பம் பெருத்திருந்தால் உங்கள் பக்கத்தில் எலி பெருத்திருக்கிறது என்று அர்த்தம். நெல் வயலில் பறவை உட்கார 'ட' வடிவத்தில், இல்லாவிட்டால் குறுக்குக் கட்டையோடு குச்சி நடச் சொல்லுகிறோமே, பகலில் கரிச்சானுக்கும் ராத்திரியில் ஆந்தைக்கும் அது ஆசனம். கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் குச்சியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நெல் தின்கிற குருவிகளுக்கு நாமே நாற்காலி போட்டது போல ஆகிவிடும்.

தூக்கணாங்குருவியைப் பற்றி ஒரே ஒரு விஷயம். கூட்டுக்குள்ளே களிமண்ணில் மின்மினியை ஒட்டி விளக்கேற்றும் என்று சொல்லுவது கதை. களிமண் இருப்பது உண்மை, மின்மினி விளக்கு இல்லை. கூட்டைக் கட்டுவது ஆண் மட்டும். பாதி கட்டினதும் பெண் வந்து பார்த்துப் பிடித்திருந்தால்தான் மீதி வேலை நடக்கும். அது முட்டையிட்டதும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். இதைப் பறவை அறிஞர் சாலிம் அலி 1930-ல் பம்பாய்க்குத் தெற்கே கிகிம் என்ற கடலோர ஊரில் நாள் கணக்காக உட்கார்ந்து பார்த்து எழுதினார். பனைமரத்தை வெட்டுகிறவர்கள், காற்றில் ஆடுகிற கூட்டில் குஞ்சுச் சத்தம் கேட்கிறதா என்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு வெட்டினால் தேவலை.

கடைசியாக, அடிக்கடி வருகிற ஒரு கேள்வி. 'எங்கள் மொட்டை மாடியில் ஜல்லி கொட்டி வைத்திருந்தோம், அதில் ஆள்காட்டி முட்டையிட்டிருக்கிறது, நல்லதா கெட்டதா, என்ன செய்வது?' என்று கேட்கிறார்கள். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அதற்குத் தரையில் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். முட்டையை எடுக்கவும் கூட்டைக் கலைக்கவும் 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் இடம் தராது. ஒரு மாதம் அந்தப் பக்கம் துணி காயப் போடாமல், வடாம் பிழியாமல் இருங்கள். ஒரு தட்டுத் தண்ணீர் பத்து அடி தள்ளி வையுங்கள், வயிற்றை நனைத்துக்கொள்ள அதற்கு உதவும். குஞ்சு பொரிந்ததும் மாடியில் இரை இல்லாததால் கீழே இறங்கப் பார்க்கும். அன்றைக்குக் காலையிலேயே குஞ்சுகளை ஒரு முறத்தில் எடுத்து, தாயும் தகப்பனும் பார்க்கிற மாதிரி கிட்டே இருக்கிற வெட்டவெளியில் விட்டுவிட்டு, பூனை வராமல் கொஞ்ச நேரம் தள்ளி நின்று கவனியுங்கள். தலைக்கு மேலே கத்திக்கொண்டே வரும், பயப்பட வேண்டாம். குஞ்சு எங்கே இறங்கியது என்று பார்த்துக்கொண்டு தானும் அங்கே இறங்கிவிடும்.